யாருக்கு எந்த ஒலி? கைப்பேசி அறிவிப்பொலிகள் பற்றிய வாசகர் கேள்விகள்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பல கைப்பேசியின் அழைப்பொலி, அறிவிப்பொலி பற்றியவையாக இருந்ததால், மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு வைத்துக்கொண்டு, இம்முறை இவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். மெனுக்களின் பெயர்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் கொஞ்சம் மாறும். இங்கே சொல்லும் பெயர் உங்கள் கைப்பேசியில் கண்ணில் படாவிட்டால், செட்டிங்ஸின் மேலே உள்ள தேடல் கட்டத்தில் 'சவுண்ட்' அல்லது 'நோட்டிபிகேஷன்' என்று தட்டச்சு செய்யுங்கள். பெரும்பாலும் உரிய பக்கம் வந்துவிடும்.

கேள்வி: என் மகள் கோவையில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அவள் அனுப்பும் வாட்ஸ்அப் செய்தி, உறவினர் குழுவின் காலை வணக்கம், கடைகளின் தள்ளுபடி அறிவிப்பு எல்லாம் ஒரே ஒலியோடு வருகின்றன. அடுப்படியிலிருந்து ஓடிவந்து பார்த்துப் பார்த்துச் சலித்துப்போய் ஒலியையே அணைத்துவிட்டேன். போன வாரம் அவள் காய்ச்சல் என்று அனுப்பிய செய்தியை வெகுநேரம் கழித்துத்தான் பார்த்தேன். மகளுக்கு மட்டும் தனி ஒலி வைக்க முடியுமா? (இல்லத்தரசி, மதுரை)

பதில்: முடியும், அம்மா. வாட்ஸ்அப்பில் மகளுடனான உரையாடலைத் திறந்து, மேலே தெரியும் அவள் பெயரைத் தொடுங்கள். விரியும் பக்கத்தில் 'நோட்டிபிகேஷன்ஸ்' என்ற வரி இருக்கும். அதற்குள் சென்று 'யூஸ் கஸ்டம் நோட்டிபிகேஷன்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்தால், செய்திக்கான ஒலி, அதிர்வு, வாட்ஸ்அப் அழைப்புக்கான ஒலி ஆகிய மூன்றையும் அவளுக்கென்று தனியாக வைக்கலாம். அவள் சாதாரணத் தொலைபேசியில் அழைக்கும்போதும் தனி ஒலி வேண்டுமென்றால், கான்டாக்ட்ஸ் செயலியில் அவள் பெயரைத் திறந்து, மூன்று புள்ளிகளைத் தொட்டு, 'செட் ரிங்டோன்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். எண் சிம் கார்டில் மட்டும் பதிவாகியிருந்தால் பல கைப்பேசிகளில் இந்த வசதி தெரியாது. அதைக் கைப்பேசியின் நினைவகத்திலோ கூகுள் கணக்கிலோ சேமித்த பிறகுதான் தெரியும்.

ஆனால் மகளுக்குத் தனி ஒலி வைப்பதோடு உங்கள் சிக்கல் தீர்ந்துவிடாது. மற்ற ஒலிகள் நாள் முழுதும் ஒலித்துக்கொண்டிருந்தால், சில நாள்களில் காது எல்லாவற்றையும் சேர்த்தே புறக்கணிக்கப் பழகிவிடும். நீங்கள் ஒலியை முற்றாக அணைத்ததற்கும் அந்தச் சலிப்பே காரணம். ஆகவே முதலில் மற்றவற்றை அடக்குங்கள். உறவினர் குழுவைத் திறந்து 'மியூட்' என்பதைத் தொட்டால் 8 மணி நேரம், ஒரு வாரம், எப்போதும் என்று மூன்று தெரிவுகள் வரும். 'எப்போதும்' என்பதையே தயங்காமல் தேர்ந்தெடுக்கலாம். குழுவில் யாராவது உங்கள் பெயரைக் குறிப்பிட்டு எழுதினாலோ, உங்கள் செய்திக்கு மறுமொழி அளித்தாலோ அப்போதும் அறிவிப்பு வரும் என்பதால், உங்களுக்கென்று சொல்லப்படுவது தவறிப்போகாது. குழுவில் இருப்பவர்களுக்கு நீங்கள் அடக்கி வைத்திருப்பது தெரியவும் தெரியாது.

கடைச் செயலிகளின் தொல்லைக்கு வேறு வழி இருக்கிறது. 2017-இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 8 பதிப்பிலிருந்து, ஒவ்வொரு செயலியும் தன் அறிவிப்புகளை வகைவகையாகப் பிரித்துத் தர வேண்டும் என்ற முறை வந்தது. ஒரு வகைக்கு எந்த ஒலி, ஒலி வேண்டுமா வேண்டாமா என்பதை நீங்கள் ஒருமுறை முடிவு செய்துவிட்டால், செயலி அதைத் தானாக மாற்ற இயலாது. அடுத்த முறை தள்ளுபடி அறிவிப்பு வரும்போது அதைத் தள்ளிவிடாமல், அதன்மேல் விரலைச் சற்று நேரம் அழுத்திப் பிடியுங்கள். பற்சக்கரக் குறி ஒன்று தெரியும். அதைத் தொட்டால் அந்தச் செயலியின் வகைகள் பட்டியலாக வரும். 'ஆர்டர்', 'டெலிவரி' போன்றவற்றை விட்டுவிட்டு, 'ஆஃபர்', 'ப்ரமோஷன்' என்று இருப்பவற்றை அணைத்துவிடுங்கள். பொருள் வீட்டு வாசலுக்கு வரும் நாளில் அறிவிப்பு வரும், விளம்பரம் வராது. சில செயலிகள் விளம்பரத்தையும் பொதுவான வகைக்குள்ளேயே கலந்து அனுப்புகின்றன. அப்படிப்பட்ட செயலியின் அறிவிப்பை முழுவதுமாக நிறுத்துவதே சரி என்பது என் கருத்து. 2022-இல் வந்த ஆண்ட்ராய்டு 13 முதல், புதிதாக நிறுவும் செயலி அறிவிப்பு அனுப்ப உங்கள் அனுமதியைக் கேட்கிறது; அங்கேயே 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டால் பின்னால் இத்தனை வேலை இல்லை.

மகளுக்கான ஒலியைத் தேர்ந்தெடுக்கும்போது, கேட்க இனிமையாக இருக்கிறதா என்பதைவிட, மற்றவற்றிலிருந்து அமைப்பிலேயே வேறுபடுகிறதா என்று பாருங்கள். கைப்பேசியில் மற்றவை எல்லாம் ஒற்றைத் தட்டாக ஒலித்தால், அவளுக்கு மூன்று தட்டாக, மேலேறும் ஒலியை வையுங்கள். மிக்ஸி ஓடும்போதும் குக்கர் சீறும்போதும் ராகத்தின் நுணுக்கம் காதில் விழாது. எத்தனை தட்டு என்ற தாளம் விழும்.

கேள்வி: மளிகைக் கடை வைத்திருக்கிறேன். வாடிக்கையாளர் பணம் அனுப்பியதும் வங்கியிலிருந்து எஸ்எம்எஸ் வருகிறது. அதற்கு மட்டும் ஒரு தனி ஒலி வைத்தேன். சில சமயம் அந்த ஒலி வருகிறது, சில சமயம் பழைய ஒலியே வருகிறது. ஏன்? (வணிகர், ஈரோடு)

பதில்: உங்கள் கைப்பேசியில் பழுது இல்லை. வங்கியின் எஸ்எம்எஸ் ஒரே பெயரில் வருவதில்லை. அனுப்புநர் பெயரின் தொடக்கத்தில் இரண்டு ஆங்கில எழுத்துகளும் ஒரு கோடும் இருப்பதைக் கவனித்துப் பாருங்கள். முதல் எழுத்து அந்தச் செய்தியை ஏற்றி அனுப்பிய தொலைத்தொடர்பு நிறுவனத்தையும், இரண்டாவது எழுத்து தொலைத்தொடர்பு வட்டத்தையும், அதாவது சேவைப் பகுதியையும், குறிக்கின்றன. வங்கி ஒரே நாளில் வெவ்வேறு நிறுவனங்களின் வழியே செய்தி அனுப்பக்கூடும் என்பதால் அந்த எழுத்துகள் மாறுகின்றன. 2025 முதல் பெயரின் இறுதியிலும் ஓர் எழுத்து சேர்ந்திருக்கிறது. விளம்பரத்துக்கு 'பி', சேவைக்கு 'எஸ்', பணப் பரிமாற்றத்துக்கு 'டி', அரசுச் செய்திக்கு 'ஜி'. முன்னெழுத்தோ பின்னெழுத்தோ மாறினால் கைப்பேசி அதை வேறொரு அனுப்புநராகக் கருதித் தனி உரையாடலாக வைக்கிறது. நீங்கள் ஒன்றுக்கு மட்டும் ஒலி வைத்திருப்பீர்கள்.

கூகுள் மெசேஜஸ் செயலியில் உங்கள் வங்கியின் பெயரைத் தேடினால் அதன் எல்லா உரையாடல்களும் வரிசையாகத் தெரியும். ஒவ்வொன்றையும் திறந்து, மூன்று புள்ளிகள், 'டீடெயில்ஸ்', 'நோட்டிபிகேஷன்ஸ்' என்ற வழியில் சென்று ஒரே ஒலியை வைத்துவிடுங்கள். 'பி' என்று முடியும் கடன் விளம்பரங்களை மட்டும் ஒலியில்லாமல் விடுங்கள்.

இதைவிட முக்கியமான ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒலி வந்ததைப் பணம் வந்ததற்குச் சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பணம் வந்தது போலவே எழுதிய போலி எஸ்எம்எஸ்ஸை ஒரு சாதாரணக் கைப்பேசி எண்ணிலிருந்து யாரும் உங்களுக்கு அனுப்பலாம்; பணம் சென்றுவிட்டது போன்ற திரையைக் காட்டும் போலிச் செயலிகளும் புழங்குகின்றன. கூட்ட நேரத்தில் காது ஒலியை மட்டும் கேட்டு, கை பொருளை எடுத்துக் கொடுத்துவிடும். ஆகவே வங்கிக்கென்று வைக்கும் ஒலியை வேறு எதற்கும் வைக்காதீர்கள். தொகை பெரிதாக இருந்தால் உங்கள் வணிகச் செயலியின் வரவுப் பட்டியலைத் திறந்து பார்த்த பிறகே பொருளைக் கொடுங்கள். ஏமாற்றப்பட்டது தெரிந்தால் உடனே 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

கேள்வி: எனக்கு எழுபது வயது கடந்துவிட்டது. கைப்பேசி அடிப்பது அடுத்த அறையில் இருக்கும் என் மனைவிக்குக் கேட்கிறது. சட்டைப் பையில் வைத்திருக்கும் எனக்குக் கேட்பதில்லை. ஒலியை முழு அளவுக்கு ஏற்றியும் பயனில்லை. வேறு கைப்பேசி வாங்க வேண்டுமா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்)

பதில்: வாங்க வேண்டியதில்லை, ஐயா. உங்கள் கடிதத்தில் மூன்று வெவ்வேறு சிக்கல்கள் கலந்திருக்கக்கூடும் என்று தோன்றுகிறது. ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம்.

முதலாவது, நீங்கள் ஏற்றியது அழைப்பொலியின் அளவுதானா என்பது. 2018-இல் வந்த ஆண்ட்ராய்டு 9 முதல், பக்கவாட்டுப் பொத்தானை அழுத்தினால் பாட்டு, காணொளி ஆகியவற்றின் ஒலி அளவே கூடுகிறது. அழைப்பொலி இருந்த இடத்திலேயே இருக்கும். பொத்தானை அழுத்தியதும் திரையில் தோன்றும் பட்டையின் அடியில் உள்ள சிறு குறியைத் தொட்டால் அழைப்பு, அறிவிப்பு, அலாரம், மீடியா என்று தனித்தனிப் பட்டைகள் விரியும். அழைப்புக்கானதை அங்கே உயர்த்துங்கள். அழைப்பொலியும் அறிவிப்பொலியும் ஒரே பட்டையில் கட்டுண்டிருந்த கைப்பேசிகளிலும் 2023-இன் ஆண்ட்ராய்டு 14 அவற்றைப் பிரித்துவிட்டதால், அழைப்பை முழு அளவிலும் மற்ற அறிவிப்புகளைப் பாதி அளவிலும் வைத்துக்கொள்ள முடிகிறது. ஐபோன் வைத்திருந்தால் இன்னொன்றையும் பாருங்கள். முகத்தை அடையாளம் காணும் வகை ஐபோன்கள், நீங்கள் திரையைப் பார்ப்பதாக உணர்ந்தால் ஒலியைத் தாமாகக் குறைத்துவிடும். 'ஃபேஸ் ஐடி' பக்கத்தில் 'அட்டென்ஷன் அவேர் ஃபீச்சர்ஸ்' என்பதை அணைத்தால் இது நிற்கும்.

இரண்டாவது, பையில் வைக்கும் முறை. பெரும்பாலான கைப்பேசிகளில் ஒலிபெருக்கித் துளைகள் சார்ஜர் செருகும் கீழ் விளிம்பில்தான் இருக்கின்றன. சட்டைப் பையில் நேராக வைத்தால் அந்த விளிம்பு பையின் அடித் துணியில் அழுந்தி ஒலி மடங்கிப்போகிறது. தலைகீழாக, சார்ஜர் துளை மேலே இருக்கும்படி வைத்துப் பாருங்கள். வேறுபாடு அப்போதே தெரியும். அந்தத் துளைகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், சில ஆண்டுகள் புழங்கிய கைப்பேசியில் துணிப் பிசிறும் விபூதித் தூளும் சேர்ந்து அடைத்திருப்பது தெரியும். ஈரமில்லாத மெல்லிய தூரிகையால் மெதுவாகத் துடையுங்கள். குண்டூசியால் குத்த வேண்டாம். உள்ளே இருக்கும் வலை கிழிந்துவிடும்.

மூன்றாவதுதான் முதன்மையானது என்று நினைக்கிறேன். வயது ஏறும்போது கேட்கும் திறன் எல்லா ஒலிகளுக்கும் ஒரே அளவில் குறைவதில்லை. கீச்சென்ற உயர் அதிர்வெண் ஒலிகள்தாம் முதலில் மங்குகின்றன. கைப்பேசியோடு வரும் ஒலிகளில் பல, மணி போலவோ பளிங்கு தட்டுவது போலவோ உயர்ந்த ஒலிகளாகவே இருக்கின்றன. உங்கள் மனைவிக்குத் தெளிவாகக் கேட்பதும் உங்களுக்குக் கேட்காததும் இதனால் இருக்கலாம். அதே சமயம், நன்றாகத் தாழ்ந்த மத்தள ஒலியைத் தேர்ந்தெடுத்தாலும் பயனில்லை. கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கியால் அவ்வளவு தாழ்ந்த ஒலியை உரக்க எழுப்ப முடியாது. உங்களுக்கு வேண்டியது இரண்டுக்கும் இடைப்பட்ட, துணைச் சுரங்கள் (அடிப்படைச் சுரத்தோடு சேர்ந்து மெலிதாக ஒலிக்கும் உயர் சுரங்கள்) நிறைந்த ஒலி. அமெரிக்கத் தீப்பாதுகாப்பு விதித்தொகுப்பான என்.எஃப்.பி.ஏ. 72, படுக்கையறைகளில் உறங்குபவர்களை எழுப்பும் தீ எச்சரிக்கைக்கு ஏறத்தாழ 3,000 ஹெர்ட்ஸில் ஒலிக்கும் வழக்கமான கீச்சொலிக்குப் பதிலாக 520 ஹெர்ட்ஸ் தாழ்சுர ஒலியைக் கேட்கிறது. கேட்கும் திறன் குறைந்தவர்களை அது கூடுதலாக எழுப்புகிறது என்று ஆய்வுகளில் தெரிந்ததே அதற்குக் காரணம். அந்த ஒலியும் தூய ஒற்றைச் சுரம் இல்லை. மேலே அடுக்கடுக்காகத் துணைச் சுரங்களைக் கொண்டது.

கும்பகோணத்தில் இருக்கும் உங்களுக்கு இதை நாகசுரத்தைக் கொண்டு விளக்குவது எளிது. புல்லாங்குழலில் துணைச் சுரங்கள் குறைவு. சீவாளியில் பிறக்கும் நாகசுர ஒலியில் அவை ஏராளம். அதனால்தான் அது தெருக்கோடி வரை கேட்கிறது. அழைப்பொலியாகப் புல்லாங்குழலின் மென்மையான ஆலாபனையை வைப்பதைவிட, நாகசுரத்தில் இரண்டு மூன்று சுரங்கள் அழுத்தமாக ஒலித்து, நின்று, மறுபடி ஒலிக்கும் துண்டு ஒன்றை வைப்பது உங்களுக்குப் பயன்படும். தொடர்ந்து ஒரே மட்டத்தில் ஒலிப்பதைவிட விட்டுவிட்டு ஒலிப்பதைக் காது விரைவில் பிடித்துக்கொள்ளும். துண்டின் முதல் நொடியிலேயே ஒலி முழு அளவில் தொடங்க வேண்டும். மெல்லத் தொடங்கி ஏறும் பாடல்கள், ஏறுவதற்குள் அழைத்தவர் வைத்துவிடுவார். ஒலியைத் தேர்ந்தெடுத்ததும் மின்விசிறியை ஓடவிட்டு, கைப்பேசியைப் பையில் வைத்துக்கொண்டு, வீட்டில் ஒருவரை அழைக்கச் சொல்லிச் சோதித்துப் பாருங்கள். கையில் வைத்துக் கேட்டுத் தேர்ந்தெடுப்பதில் பொருளில்லை.

ஒலியோடு ஒளியையும் சேர்க்கலாம். ஐபோனில் 'ஆக்ஸஸிபிலிட்டி' பகுதியில் 'எல்இடி ஃப்ளாஷ் ஃபார் அலெர்ட்ஸ்' என்ற வசதி இருக்கிறது. ஆண்ட்ராய்டு 14 முதல் 'ஃப்ளாஷ் நோட்டிபிகேஷன்ஸ்' என்ற பெயரில் அதே வசதி வந்திருக்கிறது. அழைப்பு வரும்போது கேமரா விளக்கு மின்னும். இரவில் மேசைமேல் வைத்திருக்கும்போது இது மிகவும் உதவும். இவற்றோடு, ஒருமுறை காது மருத்துவரிடம் சென்று கேட்கும் திறனைச் சோதித்துக்கொள்ளுமாறு அக்கறையோடு கேட்டுக்கொள்கிறேன். செவித்துணைக் கருவி தேவைப்பட்டால், புளூடூத் உள்ள கருவிகளில் அழைப்பொலி நேரே காதுக்கே வந்துவிடும்.

கேள்வி: என் கைப்பேசியில் பக்திப் பாடலை ரிங்டோனாக வைத்திருக்கிறேன். ஆனால் என்னை அழைப்பவர்கள் வேறு ஏதோ சினிமாப் பாட்டு கேட்கிறது என்கிறார்கள். எப்படி மாற்றுவது? (வாசகர், புதுக்கோட்டை)

பதில்: நீங்கள் கேட்பது அழைப்பொலி, அழைப்பவர் கேட்பது காலர் ட்யூன். முதலாவது உங்கள் கைப்பேசியில் இருக்கிறது. இரண்டாவது உங்கள் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் கணினியிலிருந்து அழைப்பவர் காதுக்குச் செல்கிறது. கைப்பேசியில் எதை மாற்றினாலும் அது மாறாது. நிறுவனத்தின் செயலியைத் திறந்து, நீங்கள் கேட்காமலே அந்தச் சேவை தொடங்கப்பட்டிருக்கிறதா, அதற்காகக் கட்டணம் பிடிக்கப்படுகிறதா என்று பாருங்கள். வேண்டாம் என்றால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

கேள்வி: இரவுப் பணி முடிந்து பகலில் உறங்குகிறேன். கைப்பேசியைத் திறந்து வைத்தால் உறக்கம் இல்லை. அணைத்துவிட்டால் வார்டிலிருந்தோ ஊரில் இருக்கும் அம்மாவிடமிருந்தோ அவசர அழைப்பு வருமோ என்ற பயத்திலும் உறக்கம் இல்லை. (செவிலியர், திருநெல்வேலி)

பதில்: உங்களுக்காகவே அமைந்தது 'டு நாட் டிஸ்டர்ப்' வசதி. புதிய பதிப்புகளில் இது 'மோட்ஸ்' என்ற தலைப்பின் கீழ் இருக்கும். அதில் அழைப்புகளுக்கான பகுதியில் 'ஸ்டார்டு கான்டாக்ட்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்து, அம்மாவின் எண்ணுக்கும் வார்டு எண்ணுக்கும் நட்சத்திரக் குறி இடுங்கள். நீங்கள் உறங்கும் நேரத்தை அட்டவணையாகவும் கொடுத்துவிட்டால் நாள்தோறும் அதைத் தொட வேண்டியதில்லை. பணி நேரம் வாரந்தோறும் மாறும் என்றால், அட்டவணையை நம்பாமல் படுக்கும்போது கையால் இயக்கி, 8 மணி நேரம் என்று வரம்பு வைப்பது நல்லது. அலாரம் இதனால் தடைபடாது. ஆயினும் அமைப்பில் அலாரத்துக்கு அனுமதி இருக்கிறதா என்று ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள்.

மருத்துவமனை எண்ணில் ஒரு சிக்கல் வரும். உள்ளிணைப்புப் பலகையிலிருந்து அழைக்கும்போது, எந்த வெளி இணைப்பு காலியாக இருக்கிறதோ அந்த எண்ணே உங்கள் திரையில் தோன்றும். அழைப்புப் பதிவைப் பார்த்து, இதுவரை வந்த எல்லா எண்களையும் 'வார்டு' என்ற ஒரே பெயரின் கீழ்ச் சேர்த்து வையுங்கள். அதையும் மீறிப் புதிய எண்ணிலிருந்து வந்தால், திரும்ப அழைப்பவர்களை அனுமதிக்கும் தெரிவு கைகொடுக்கும். ஆண்ட்ராய்டில் ஒரே எண்ணிலிருந்து 15 நிமிடங்களுக்குள் இரண்டாம் முறை அழைத்தால் ஒலிக்கும். ஐபோனில் இந்த இடைவெளி 3 நிமிடம். அம்மாவிடம், 'அவசரம் என்றால் உடனே இன்னொரு முறை அழையுங்கள், வாட்ஸ்அப்பில் அழைக்காமல் சாதாரணமாக அழையுங்கள்' என்று சொல்லி வையுங்கள். ஐபோனில் அம்மாவின் பெயரைத் திருத்தும் பக்கத்தில், ரிங்டோன் என்பதற்குள் 'எமர்ஜென்ஸி பைபாஸ்' என்று ஒன்று இருக்கிறது. அதை இயக்கினால் கைப்பேசி ஒலியடக்கத்தில் இருந்தாலும் அவர் அழைப்பு ஒலிக்கும்.

ஒலிகளின் மிகுதி என்ன செய்யும் என்பதை உங்களைப் போன்றவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மானிட்டர்கள் ஓயாமல் ஒலிப்பதால் செவிலியரின் கவனம் மழுங்குவது நோயாளிக்கே ஆபத்து என்று கருதித்தான், அமெரிக்க மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று வழங்கும் ஜாயின்ட் கமிஷன் 2014 முதல் எச்சரிக்கை ஒலிகளை ஒழுங்குபடுத்துவதை நோயாளிப் பாதுகாப்பு இலக்குகளில் ஒன்றாக வைத்தது. உங்கள் கைப்பேசியில் மானிட்டரின் எச்சரிக்கையைப் போன்ற ஒலி எதுவும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உறங்கும்போது உடல் அதற்குத் திடுக்கிட்டு எழும். வார்டில் இருக்கும்போதோ எது கைப்பேசி, எது மானிட்டர் என்று ஒரு கணம் தடுமாற வைக்கும்.

கேள்வி: என் மகன் 'அப்பா, போனை எடுங்க' என்று சொன்னதைப் பதிவு செய்து ரிங்டோனாக வைத்தேன். இரண்டு நாள் வேலை செய்தது; பிறகு தானாகவே பழைய ஒலிக்கு மாறிவிட்டது. (ஆட்டோ ஓட்டுநர், சேலம்)

பதில்: கைப்பேசி அந்தக் கோப்பு இருக்கும் இடத்தை மட்டுமே நினைவில் வைத்திருக்கிறது. கோப்பு நகர்ந்தாலோ அழிந்தாலோ பழைய ஒலிக்குத் திரும்பிவிடும். மெமரி கார்டில் வைத்திருந்தால், கைப்பேசியை அணைத்துத் திறக்கும்போது கார்டு படிக்கப்படுவதற்குள் இப்படி நேரலாம். இடத்தைக் காலி செய்யும் செயலிகளும் பழைய ஒலிப்பதிவுகளை அழித்துவிடுகின்றன. ஃபைல் மேனேஜரைத் திறந்து, கைப்பேசியின் உள் நினைவகத்தில் 'ரிங்டோன்ஸ்' என்ற கோப்புறை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அதே பெயரில் ஒன்றை உருவாக்கி, பதிவை அங்கே நகலெடுத்து, மறுபடியும் ரிங்டோனாகத் தேர்ந்தெடுங்கள். செய்திக்கான ஒலி என்றால் 'நோட்டிபிகேஷன்ஸ்' என்ற கோப்புறை, அலாரத்துக்கு 'அலார்ம்ஸ்'. வாட்ஸ்அப்பில் வந்த குரல் பதிவை நேரடியாகப் பயன்படுத்தாமல், கைப்பேசியின் ரெக்கார்டரில் புதிதாகப் பதிவு செய்தால் இன்னும் நல்லது. பையன் பேசத் தொடங்குவதற்கு முன் இருக்கும் அமைதியை வெட்டிவிடுங்கள். அழைப்பு வந்ததும் குரல் வர வேண்டும்.

தேர்வு மிக நல்ல தேர்வு என்பதையும் சொல்ல வேண்டும். ஆட்டோவின் இரைச்சலில் பெரும்பகுதி தாழ்ந்த ஒலி. குழந்தையின் உயர்ந்த குரல் அதைத் தாண்டிக் கேட்கும். ஆனால் இதை எல்லா அழைப்புக்கும் வைக்காமல், வீட்டு எண்களுக்கு மட்டும் வையுங்கள். அப்போது மகன் குரல் கேட்டால் வண்டியை ஓரம் கட்டலாம். மற்ற ஒலி கேட்டால் சவாரி முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். கூகுளின் ஃபோன் செயலியில் அழைப்பவர் பெயரை உரக்கச் சொல்லும் 'காலர் ஐடி அனவுன்ஸ்மென்ட்' என்ற வசதியும் உண்டு. அதை இயக்கிவிட்டால், யார் என்று அறிவதற்காகத் திரையைப் பார்க்க வேண்டிய தேவை இருக்காது.

கேள்வி: ஐபோனின் வழக்கமான அறிவிப்பொலி மிகவும் மெதுவாக இருக்கிறது. பழைய மூன்று சுர ஒலியைத் திரும்பக் கொண்டுவர முடியுமா? நானே உருவாக்கிய ஒலியை வைக்க முடியுமா? (மென்பொருள் பணியாளர், சென்னை)

பதில்: 2023 செப்டம்பரில் வந்த ஐபோன் இயங்குதளமான ஐஓஎஸ் 17, வழக்கமான அறிவிப்பொலியை 'ட்ரைடோன்' என்பதிலிருந்து 'ரீபவுண்ட்' என்பதற்கு மாற்றியது. மாற்றிக்கொள்ளும் வழியையும் அப்போது கொடுக்கவில்லை. உலகெங்கும் பலர் அறிவிப்புகள் காதில் விழவில்லை என்று முறையிட்ட பின், அதே ஆண்டு டிசம்பரில் வந்த 17.2 பதிப்பில் 'சவுண்ட்ஸ் அண்ட் ஹாப்டிக்ஸ்' பகுதியில் 'டிஃபால்ட் அலெர்ட்ஸ்' என்ற வரி சேர்ந்தது. அங்கே 'ட்ரைடோன்' இருக்கிறது. அந்த மூன்று சுரங்களை கெல்லி ஜாக்லின் என்ற பொறியாளர் 1999-இல் 'சவுண்ட்ஜாம்' என்ற இசைச் செயலிக்காக, குறுந்தகடு எழுதி முடிந்ததை அறிவிப்பதற்காக அமைத்தார். அந்தச் செயலியே பின்னர் ஐட்யூன்ஸ் ஆயிற்று. ஒலியும் அதனோடு சேர்ந்து ஐபோனுக்கு வந்தது.

நீங்கள் உருவாக்கிய ஒலியை வைக்க, முன்பெல்லாம் கராஜ்பேண்ட் என்ற இசையமைப்புச் செயலியின் வழியே சுற்றிச் செல்ல வேண்டியிருந்தது. 2025-இல் வந்த ஐஓஎஸ் 26 முதல், 30 விநாடிக்கு மேற்படாத ஒலிக்கோப்பை ஃபைல்ஸ் செயலியில் திறந்து, 'ஷேர்' பட்டியலில் 'யூஸ் ஆஸ் ரிங்டோன்' என்பதைத் தொட்டால் போதும். 30 விநாடி குறைவு என்று எண்ண வேண்டாம். அறிவிப்பொலிக்கு இரண்டு விநாடியே தாராளம்.

கேள்வி: 2023-இல் சோதனைக்காக எல்லாக் கைப்பேசிகளிலும் அலறிய பேரிடர் எச்சரிக்கை ஒலி எனக்குப் பிடித்துவிட்டது. அதைப் பதிவிறக்கி ரிங்டோனாக வைத்திருக்கிறேன். வகுப்பில் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். தவறா? (கல்லூரி மாணவர், நாகர்கோவில்)

பதில்: தம்பி, இன்றைக்கே மாற்றிவிடுங்கள். அந்த ஆண்டு தொலைத்தொடர்புத் துறையும் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையமும் செல் பிராட்காஸ்ட் முறையைச் சோதித்தபோது நாடெங்கும் அந்த ஒலி கேட்டது. எஸ்எம்எஸ் ஒவ்வொரு எண்ணுக்கும் தனித்தனியாகச் செல்கிறது. செல் பிராட்காஸ்ட் ஒரு கோபுரத்தின் எல்லைக்குள் இருக்கும் எல்லாக் கைப்பேசிகளுக்கும் ஒரே நேரத்தில் சென்று சேர்கிறது. புயலோ ஆழிப்பேரலையோ வரும்போது நெரிசலில் சிக்காமல் வந்து சேரக்கூடிய எச்சரிக்கை அது. அமெரிக்காவில் இத்தகைய எச்சரிக்கைக்கு 853, 960 ஹெர்ட்ஸ் என்ற இரண்டு சுரங்களைச் சேர்த்து ஒலிக்கிறார்கள். அவை ஒன்றோடொன்று உரசிக் காதுக்குப் பிடிக்காத கரகரப்பை உண்டாக்கும். யாரும் அதை வேறு ஒலியென்று எண்ணி விட்டுவிடக் கூடாது என்பதே அதன் நோக்கம். உண்மையான அவசரம் இல்லாமல் அந்த ஒலியை ஒலிபரப்புவதை அந்நாட்டு விதிகள் தடை செய்திருக்கின்றன.

நாகர்கோவிலில் இருக்கும் உங்களுக்கு 2004 டிசம்பர் 26-ஐ வீட்டுப் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். கன்னியாகுமரிக் கடற்கரை ஊர்களில் அன்று காலை யாருடைய கைப்பேசியும் எச்சரிக்கவில்லை. அப்படி ஒரு முறையே அப்போது இங்கு இல்லை. இன்று உங்கள் வகுப்பில் உள்ளவர்கள் அந்த ஒலி கேட்டதும் திரும்பிப் பார்க்கிறார்கள். அடிக்கடி கேட்டுப் பழகினால், 'அவன் போன்தான்' என்று திரும்பாமல் இருந்துவிடுவார்கள். அதுதான் என் அச்சம்.

ரிங்டோனை மாற்றியதும் இன்னொன்றையும் பாருங்கள். சோதனையின்போது அலறியது பிடிக்காமல் பலர் அந்த எச்சரிக்கையை அணைத்து வைத்திருக்கிறார்கள். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸில் 'சேஃப்டி அண்ட் எமர்ஜென்ஸி' என்பதற்குள் 'வயர்லெஸ் எமர்ஜென்ஸி அலெர்ட்ஸ்' என்ற பக்கம் இருக்கும். சில கைப்பேசிகளில் நோட்டிபிகேஷன் பகுதியில் இருக்கும். அங்குள்ள தெரிவுகள் இயக்கத்தில் இருக்கின்றனவா என்று உங்கள் கைப்பேசியிலும், முடிந்தால் வீட்டில் உள்ள எல்லோருடைய கைப்பேசியிலும் பார்த்துவிடுங்கள்.